மேக்பெத் செத்த மறுநாள்

கேள்வி: சென்ற இதழில் டேவிட் கிரெக்கை ‘ஸ்காட்லாந்து நாடகாசிரியர்’ என்று எழுதியிருந்தீர்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் ஆங்கில நாடகாசிரியர்தானே? ஷேக்ஸ்பியரின் மேக்பெத்துக்கு இரண்டாம் பாகம் எழுதியவர், குழந்தைகளுக்கான சாக்லேட் ஃபேக்டரி கதையை லண்டனில் இசை நாடகமாக்கியவர். இவரைப் போய் இவ்வளவு தூக்கிப் பிடிப்பானேன்?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: ‘இரண்டாம் பாகம்’ என்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மேக்பெத் எப்படி முடிகிறது என்று நினைத்துப் பாருங்கள். ராணி இறந்துவிடுகிறாள். கொடுங்கோலன் மேக்பெத்தின் தலையைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். இங்கிலாந்திலிருந்து பத்தாயிரம் வீரர்களோடு வந்த தளபதி சீவர்டின் தயவில், மேக்பெத் கொன்ற பழைய அரசனின் மகன் மால்கம் அரசனாகிறான். நாடு பிழைத்தது, திரை விழுந்தது. இது 1606 வாக்கில் லண்டன் மேடைக்காக எழுதப்பட்ட முடிவு. நடந்தது வேறு. நிஜ மேக்பெத் 1040 முதல் 1057 வரை 17 ஆண்டுகள் ஆண்டவன். 1054இல் சீவர்ட் படையெடுத்து வென்ற பிறகும் மூன்று ஆண்டுகள் உயிரோடிருந்தான். அவனுக்குப் பின் பட்டத்துக்கு வந்தவன் மால்கம் அல்ல, ராணிக்கு முதல் கணவன் மூலம் பிறந்த லூலாக். சில மாதங்கள்தான் ஆண்டான், ஆனாலும் அரசன். அந்த ராணிக்கு ஒரு பெயரும் உண்டு: க்ரூவாக். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் அவள் வெறும் ‘லேடி மேக்பெத்’.

நீங்கள் இரண்டாம் பாகம் என்கிற கிரெக்கின் ‘டன்சினேன்’ 2010இல் மேடையேறியது. அதில் ராணி சாகவில்லை. அவளுக்கு மகன் இருக்கிறான், அரசுரிமையும் இருக்கிறது. ஆட்சியை மாற்றிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பிவிடலாம் என்று வந்த இங்கிலாந்துப் படை, தனக்குச் சொல்லப்பட்டது எதுவும் உண்மையில்லை என்று தெரிந்த பிறகும் திரும்ப முடியாமல் குளிரிலும் சேற்றிலும் மாட்டிக்கொள்கிறது. மொழி புரியவில்லை. யார் யாருடைய ஆள் என்று புரியவில்லை. படையிலிருக்கும் ஒரு பையன் இந்த நாட்டைப் பற்றித் தன் அம்மாவிடம் சொல்வதுபோல அங்கங்கே பேசுகிறான். அவன் பேச்சைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் குளிரெடுக்கும். பிரிட்டிஷ் படைகள் ஆப்கானிஸ்தானில் இருந்த நேரம் அது. மேடையேற்றியது ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, மேடை லண்டனில். ஷேக்ஸ்பியரின் பெயரைத் தாங்கிய நிறுவனத்தின் தயாரிப்பிலேயே ஸ்காட்லாந்தின் தரப்பைச் சொல்லவைத்தார் கிரெக். இதை இரண்டாம் பாகம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இதில் என்னை அதிகம் வதைப்பவன் சீவர்ட்தான். அவன் கெட்டவன் இல்லை. நிஜமாகவே சமாதானம் வேண்டும் என்று நினைக்கிறான். ஒவ்வொரு கொடுமையையும் அந்தச் சமாதானத்துக்காகவே செய்கிறான். கடைசியில் ராணியின் மகனையும் கொல்கிறான். ஒரு வில்லனை வைத்து இதை எழுதியிருந்தால் பார்ப்பவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

சாக்லேட் இசை நாடகமா? ஆமாம், 2013இல் அதற்கு வசனம் எழுதினார். அதே 2013இல்தான் எடின்பரோவின் ட்ராவெர்ஸ் தியேட்டரில் அவருடைய ‘தி ஈவன்ட்ஸ்’ வந்தது. முன்னதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறீர்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

2011 ஜூலையில் நார்வேயில் ஒருவன் 77 பேரைக் கொன்றான், நினைவிருக்கும். அந்தப் படுகொலையின் நிழலில் எழுதப்பட்ட நாடகம் இது. கிளேர் என்ற பெண் போதகர் ஒரு பாடகர் குழுவை நடத்துகிறார். பலதரப்பட்டவர்களும் வந்து பாடும் குழு. ஓர் இளைஞன் துப்பாக்கியோடு வந்து சுடுகிறான். கிளேர் பிழைத்துக்கொள்கிறார். ஆனால் ஏன் செய்தான், ஏன் செய்தான் என்று அதையே சுற்றிச் சுற்றி வருகிறார். அந்த இளைஞனாக நடிப்பவரே அவனுடைய அப்பா, பத்திரிகையாளர், அரசியல்வாதி, ஏன், கிளேரின் துணையாகவும் நடிக்கிறார். கிளேர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே முகம். அப்புறம் அந்தப் பாடகர் குழு. நாடகம் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரில் இருக்கும் நிஜமான குழு ஒன்றுதான் மேடையில் நிற்கும். ஒவ்வொரு இரவும் வேறு குழு. பாடல்களைத் தாங்களே பயின்றுகொண்டு வருவார்கள். நடிகர்கள் இல்லை, கடைக்காரர், ஆசிரியை, ஓய்வு பெற்றவர். அவன் சுட்டது இவர்களைப் போன்றவர்களைத்தான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் அங்கே நின்று பாடுவதே போதும்.

அடுத்து, ‘ஆங்கில நாடகாசிரியர்தானே’ என்ற கேள்வி. அயர்லாந்துக்காரரான யேட்ஸ் ஆங்கிலத்தில்தான் எழுதினார், அவரை இங்கிலாந்துக் கவிஞர் என்பீர்களா? கிரெக் எடின்பரோவில் 1969இல் பிறந்தவர், நைஜீரியாவில் வளர்ந்தவர், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் படித்தவர். கட்டம்போட்ட பாவாடையும் பேக்பைப்பும் இருந்தால்தான் ஸ்காட்லாந்து என்பதில்லை. 2006இல் சொந்தக் கட்டடமே இல்லாமல் தொடங்கிய ஸ்காட்லாந்து தேசிய நாடக அமைப்புக்கு முதல் நாடகப் பிரதி ஆலோசகர் அவர்தான். அந்த அமைப்புக்காக எழுதிய ‘ப்ரூடென்ஷியா ஹார்ட்’ மதுக்கூடங்களில் மேசைகளுக்கு நடுவே நடந்தது. ஸ்காட்லாந்து-இங்கிலாந்து எல்லைப்புற நாட்டுப் பாடல்களை ஆராயும் ஒரு பெண்ணைச் சாத்தான் பிடித்துக்கொள்ளும் கதை. பெரும்பகுதி எதுகை வைத்த ஈரடிகள். பனி பெய்ய வேண்டிய நேரத்தில், பார்க்க வந்தவர்கள் காகித நாப்கின்களைக் கிழித்துப் பறக்கவிடுவார்கள்.

1994இல் எழுதிய ‘யூரோப்’ நாடகத்தை இன்றைக்குப் படித்தால் தேதியே தெரியாது. ரயில்கள் நிற்காமல் போகும் ஓர் எல்லையோர ஸ்டேஷன், அங்கே வந்து ஒண்டிக்கொள்ளும் ஒரு தகப்பனும் மகளும், வேலை போய் உள்ளூரில் திரியும் இளைஞர்கள், கடைசியில் தீ. 2016இல் எடின்பரோ லைசியம் தியேட்டரின் கலை இயக்குநராகப் பொறுப்பேற்றதும் அவர் முதலில் எடுத்துக்கொண்டது எஸ்கிலஸின் பழைய கிரேக்க நாடகம். கடல் தாண்டி அடைக்கலம் கேட்டு வருகிறார்கள் பெண்கள். அவர்களை உள்ளே விடலாமா என்று அரசன் ஊராரைக் கேட்கிறான். அந்தப் பெண்களாக மேடையில் நின்றவர்கள் எடின்பரோவில் வசிக்கும் சாதாரண இளம் பெண்கள். இருபது ஆண்டுக்கு மேலாக இந்த மனுஷர் ஒரே வாசலில் நிற்கிறார், வெளியே வந்து நிற்பவர்களை உள்ளே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு.

எங்கே தொடங்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மேக்பெத்தின் கடைசி அங்கத்தை ஒருமுறை படித்துவிட்டு, அன்றைக்கே ‘டன்சினேன்’ முதல் காட்சியைத் திறங்கள். ஷேக்ஸ்பியரில் ஒரு காடே நடந்து வருமல்லவா? அந்தக் காடாக நிற்கப் போகும் இங்கிலாந்துச் சிப்பாய்களுக்கு மரம்போல எப்படி நிற்பது என்று இங்கே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.