எக்ஸ்ரே எடுத்தார்கள், ரிப்போர்ட் தரவில்லை

கேள்வி: என் கணவர் ஓமலூர் பக்கம் குவார்ட்ஸ் கல் அரைக்கும் மில்லில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறார். வருடம் ஒருமுறை வேன் வந்து நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும். கையெழுத்து வாங்குவார்கள், ரிப்போர்ட்டைக் காட்ட மாட்டார்கள். சில மாதங்களாக அவருக்கு விடாத இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சூப்பர்வைசரிடம் சொன்னால், "மாஸ்க் கொடுத்தோமே, நீ போடலேன்னா நாங்க என்ன பண்றது?" என்கிறாராம். ரிப்போர்ட் கேட்க உரிமை உண்டா? கேட்டால் வேலை போய்விடுமா?

பதில்: உரிமை உண்டு, சகோதரி. ஆனால் முதலில் மருத்துவமனை. இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் இஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போங்கள், இல்லையென்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு. வெறும் இருமல் என்று சொல்லாதீர்கள். ஒன்பது வருடம் கல் தூசியில் வேலை என்பதைச் சொல்லி, அதைச் சீட்டில் எழுதவும் சொல்லுங்கள். கல் தூசியில் இருக்கும் சிலிக்கா மூச்சோடு உள்ளே போய் வரும் நுரையீரல் நோய் சிலிகோசிஸ். அதைக் காசநோய் என்று நினைத்துவிடுவது நடக்கிறது, இரண்டும் சேர்ந்தும் வரும். சிலிகோசிஸால் நுரையீரலில் விழுந்த தழும்பு ஆறாது. அதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து ஆளைத் தூசியிலிருந்து விலக்கத்தான் ஆண்டுதோறும் எக்ஸ்ரே. ரிப்போர்ட்டை ஆபீஸ் பீரோவில் பூட்டி வைப்பது அந்த மனிதரின் உயிரோடு விளையாடுவது. எனக்கு இதில் கோபம் வருகிறது.

தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறும் உரிமையை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே தொழிலாளிக்குக் கொடுத்தது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த உரிமை இருக்கிறது. தொழிலாளியின் ஆரோக்கியம் அரசியல் சாசனம் தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர்கள் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவேடுகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டு வைத்திருக்கச் சொன்ன தீர்ப்பு அது.

மாஸ்க் விஷயத்துக்கு வருவோம். தூசியை அது கிளம்பும் இடத்திலேயே அடக்குவதுதான் நிர்வாகத்தின் முதல் கடமை: தண்ணீர் தெளிப்பது, அரைக்கும் இடத்தை மூடுவது, தூசியை உறிஞ்சி வெளியேற்றுவது. மாஸ்க் கடைசிக் காவல்தான். அதிலும் துணி மாஸ்க் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசியைத் தடுக்காது. அங்கே தரையை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்குகிறார்களா என்று கணவரிடம் கேளுங்கள். பெருக்கினால் அதையும் புகாரில் எழுத வேண்டும்.

இப்போது கடிதம். இதுவரை எடுத்த எக்ஸ்ரே, மூச்சுப் பரிசோதனை எல்லாவற்றின் நகலையும் கேட்டு, தேதி போட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் சேலம் அலுவலகத்துக்கு மனு கொடுங்கள். சிலிகோசிஸ் என்று மருத்துவர் முடிவு செய்தால், அதை அரசுக்குத் தெரிவிப்பது அவருடைய சட்டக் கடமை.

வேலை போகாது என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் தேதியிட்ட கடிதம் கையில் இருந்து, அதன் பிறகு வேலையை விட்டு நிறுத்தினால், அது பழிவாங்கல் என்று வாதாட நமக்கு ஆதாரம் கிடைக்கும். "கணக்கு முடிச்சுக்கலாம்" என்று கூப்பிட்டு ராஜினாமாவிலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்து கேட்பார்கள். எக்காரணம் கொண்டும் போட வேண்டாம்.

சிலிகோசிஸ் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அவருக்கு இஎஸ்ஐ இருந்தால் ஊனப் பலன் அங்கே கிடைக்கும். இல்லாவிட்டால் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். "அவன் மாஸ்க் போடலை" என்று வாயால் சொல்வதால் மட்டும் முதலாளி பொறுப்பிலிருந்து நழுவிவிட முடியாது. அப்புறம், சம்பளச் சீட்டு, பிஎஃப் பாஸ்புக், அடையாள அட்டை எல்லாவற்றையும் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். ஒன்பது வருடம் அங்கே வேலை செய்தார் என்பதற்கு அவைதான் சாட்சி. அதே ஷிஃப்டில் இருமுகிற மற்றவர்களும் கடிதத்தில் சேர்ந்து கையெழுத்திட முடியுமா என்று கணவர் கேட்டுப் பார்க்கட்டும்.