பிரெஞ்சு பாஸ்போர்ட், பிரீ-செட்டில்ட் ஸ்டேட்டஸ் (பிரெக்ஸிட்டுக்குப் பின் ஐரோப்பியக் குடிமக்களுக்கு பிரிட்டன் தரும் தற்காலிக வசிப்புரிமை) இரண்டும் இருந்தும் யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தோருக்கு பிரிட்டன் அரசு தரும் உதவித்தொகை) மறுத்துவிட்டார்கள். ஏன்? இனி என்ன செய்வது?

பிரீ-செட்டில்ட் இருந்தால் பிரிட்டனில் வசிக்கலாம், வேலை பார்க்கலாம். ஆனால் அதை மட்டும் காட்டினால் யுனிவர்சல் கிரெடிட் தரமாட்டார்கள். நிரந்தர வசிப்புரிமையான செட்டில்ட் ஸ்டேட்டஸுக்கு இந்தத் தடை இல்லை. பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து குடியுரிமையோடு 2020 டிசம்பர் 31க்குள் லண்டனுக்கும் லெஸ்டருக்கும் வந்த நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்தத் தடையை எதிர்த்த ஃப்ரட்டிலா வழக்கில் 2021 டிசம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது.

ஆகவே இன்னோர் உரிமையையும் காட்ட வேண்டும்: பெரும்பாலும், நீங்கள் வேலையில் அல்லது சுயதொழிலில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அப்படி இருக்கும் ஐரோப்பியக் குடிமகனின் மனைவியாகவோ கணவராகவோ இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வழியைப் பலர் விண்ணப்பத்தில் எழுதுவதே இல்லை. பகுதிநேர வேலையும் செல்லும். மூன்று மாதம் சராசரியாக வாரம் 242 பவுண்டு வந்திருந்தால் பெரிதாகக் கேள்வி வராது. குறைந்தால் உடனே மறுக்கக் கூடாது; உண்மையான வேலைதானா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஆட்குறைப்பில் வேலை போய், வேலை தேடுவதாகப் பதிந்தவருக்கும், நோயால் தற்காலிகமாக நின்றவருக்கும் உரிமை தொடரும். கையில் காசாக வாங்கிய சம்பளத்தை நிரூபிப்பதுதான் பெரும்பாடு.

மறுப்பு வந்த ஒரு மாதத்துக்குள் 'மேண்டட்டரி ரீகன்சிடரேஷன்' (முடிவை மறுபரிசீலனை செய்வது) கேளுங்கள். சம்பளச் சீட்டு, பி45 (வேலையை விடும்போது முதலாளி தரும் படிவம்), வங்கி அறிக்கை எல்லாவற்றையும் இணையுங்கள். அதிலும் மறுத்தால் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு. அதற்கும் ஒரு மாதம்தான். வேலையும் இல்லை, சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் வழியில்லை என்றால் ஏடி (AT) என்பவரின் வழக்கில் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சுட்டுங்கள். அந்த நிலையில் இருப்பவரை வெறுமனே திருப்பி அனுப்ப முடியாது. இதற்கு ஆலோசகர் துணை அவசியம்.

இது நடக்கும்போதே செட்டில்டுக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் கிடையாது. முன்பு ஐந்து ஆண்டுகள் இங்கே தொடர்ந்து இருந்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. எந்த 12 மாதத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் பொதுவாகச் சிக்கலாக இருந்தது. 2025 ஜூலை 16 முதல், பிரீ-செட்டில்ட் உள்ளவர் கடைசி 60 மாதத்தில் மொத்தம் 30 மாதம் இங்கே இருந்திருந்தாலும் போதும். அம்மாவைப் பார்க்க யாழ்ப்பாணம் போய் எட்டு மாதம் தங்கியவருக்கு இது பெரிய வாய்ப்பு.

செட்டில்ட் கிடைத்ததும் பழைய மறுப்பு தானாக மாறாது. அன்றைக்கே யுனிவர்சல் கிரெடிட்டுக்குப் புதிதாக விண்ணப்பியுங்கள்.