பை பார்த்துக்கொள்ளவா தீம் பார்க் போவது?

கேள்வி: எனக்கு 46 வயது. குழந்தையாக இருந்தபோது போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர் போட்டு, ஒரு ஊன்றுகோலோடு நடக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் இருவரும் சென்னைப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போக ஆசைப்படுகிறார்கள். “அம்மா வந்தால்தான் நானும் வருவேன்” என்கிறான் பத்தாவது முடித்த மகன். வீட்டில் மற்றவர்களோ, “உன்னால் அலைய முடியாது. வந்தாலும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கத்தானே போகிறாய்?” என்கிறார்கள். நான் போவதா, வேண்டாமா?

வாசகி, கடலூர்

பதில்: சகோதரி, போங்கள். உங்கள் மகன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

“உட்கார்ந்திருக்கத்தானே போகிறாய்” என்பதை நானும் எத்தனையோ சுற்றுலாவில் கேட்டிருக்கிறேன். அப்படி உட்காருபவர் மடியில்தான் எல்லோருடைய பையும் செல்போனும் வந்து சேரும். நாள் முழுக்க அதற்குக் காவல் இருந்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். ஆகவே உள்ளே போனதும் முதல் வேலையாக லாக்கர் எடுத்து, எல்லாப் பையையும் வைத்துப் பூட்டிவிடுங்கள். அந்தக் காசுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

அடுத்து சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பார்க்குக்குள் வீல்சேரில் போங்கள். இத்தனை வருடம் பிடிவாதமாக நடந்தவருக்கு அதில் உட்காருவது தோற்றுப்போனது மாதிரி இருக்கும். நானும் 38 வயது வரை ஊன்றுகோலில் நடந்தவள்தான். முதல் நாள் அதில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஆனால் வீட்டுக்கும் கடைக்கும் நடப்பது வேறு, தீம் பார்க்கில் வரிசையில் நின்று, வெயிலில் நாள் பூராவும் சுற்றுவது வேறு. போலியோவுக்குத் தப்பிய தசைகள்தான் மற்றவற்றின் வேலையையும் சேர்த்து இவ்வளவு காலமாகச் செய்துவருகின்றன. நடுவயதில் அவை தளர ஆரம்பிக்கும். புதிதாக வலியும் அசதியும் வருவதுண்டு. டாக்டர்கள் இதைப் போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்பார்கள். ஒரு நாள் மிஞ்சி நடந்துவிட்டால் நாலு நாள் மெஷினில் உட்கார முடியாமல் போகலாம். வீல்சேரில் போனால் மிச்சமாகும் தெம்பை, ஆசைப்பட்ட ஒரு ரைடின் படிகளில் ஏறுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

பழக்கத்தை அங்கே போய்த் தொடங்க வேண்டாம். ஒரு வீல்சேரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு வாருங்கள். மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள், தரையும் சமமாக இருக்கும். மகன் தள்ளட்டும். சரிவில் பின்பக்கமாக இறக்குவது, மேடு வந்தால் முன் சக்கரத்தைத் தூக்குவது, நின்றதும் பிரேக் போடுவது எல்லாம் காந்தி சிலையை நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் கைவந்துவிடும்.

அப்புறம், டிக்கெட் எடுக்கும் முன் பார்க்குக்குப் போன் பண்ணுங்கள். “மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி இருக்கிறதா?” என்று கேட்டால் “இருக்கு மேடம்” என்பார்கள். ஒரு பார்க்கில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் நுழைவாயிலில் மட்டும் சாய்தளம், ஒவ்வொரு ரைடுக்கும் ஏகப்பட்ட படிகள். கழிப்பறைக் கதவுக்குள் என் நாற்காலி நுழையவே இல்லை. அதற்குப் பயந்து சித்திரை வெயிலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். நீங்கள் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எந்த ரைடுக்கு எத்தனை படி? வெளியே வரும் வழியாக ஏறவிடுவார்களா? கழிப்பறைக் கதவு 90 செ.மீ. அகலம் இருக்குமா, உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? பதில் சொல்பவர் தடுமாறினால், ரைடுகளைக் கவனிக்கும் சூப்பர்வைசரிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள்.

சில ரைடுகளில் வேண்டாம் என்பார்கள். பாதியில் நின்றுபோனால் குறுகலான படிகளில் இறங்கி வர வேண்டியிருக்கும், இரண்டு காலையும் ஊன்ற வேண்டியிருக்கும் என்று காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஊன்றுகோலைப் பார்த்ததுமே எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தால் விடாதீர்கள். போலியோவில் முதுகெலும்பு வளைந்திருப்பது சகஜம். உங்களுக்கு அப்படி இருந்தால் உலுக்கியெடுக்கும் ரைடுகளைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களைத் தூக்கி உட்காரவைக்க யாராவது ஓடி வந்தால், எங்கே பிடிக்க வேண்டும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் கை வைக்க வேண்டும்.

தண்ணீரை மட்டும் தவறவிடாதீர்கள். அலைக்குளத்தின் தரை கடற்கரை மாதிரி மெல்லச் சரியும். காலிப்பரைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு, நாற்காலியில் விளிம்பு வரை போய், ஆழமில்லாத இடத்தில் மகள் பக்கத்தில் உட்காருங்கள். தண்ணீருக்குள் காலின் பாரம் தெரியாது. ஈரத் தரையில் வழுக்கும், ஊன்றுகோலின் தேய்ந்த ரப்பர் புஷ்ஷைப் போகும் முன்பே மாற்றிவிடுங்கள். போலியோ கால் சீக்கிரம் சில்லிட்டுப்போகும், தடித்த துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக் கேட்பதெல்லாம் சலுகை கேட்பதாக நினைக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மக்கள் பொழுதுபோக்க வரும் தனியார் கட்டடங்களையும் பொதுக் கட்டடம் என்றே சொல்கிறது. அங்கெல்லாம் நம்மைப் போன்றவர்கள் புழங்க வசதி செய்வதற்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் 2010-இல் திறந்த மார்கன்ஸ் வொண்டர்லேண்டில், குதிரை ராட்டினத்திலேயே வீல்சேருக்கு இடம் வைத்திருக்கிறார்கள். குதிரைகளோடு அதுவும் ஏறி இறங்கும். நம் ஊரிலும் செய்ய முடியாத வேலை இல்லை அது. நீங்கள் போகும் பார்க்கில் ஒரு படி தடுத்தால், எந்த ரைடு, எத்தனை படி என்று எழுதிக் கொடுத்துவிட்டே வாருங்கள். அடுத்து வருபவருக்கு அது உதவும்.

ஞாயிறும் மே மாதமும் வேண்டாம். பள்ளி திறந்த பிறகு பிள்ளைகளுக்கு ஒரு நாள் லீவு போட்டு, வார நாளில் போங்கள். மறுநாள் கடையைத் திறக்காதீர்கள்.