உயரம் தாண்டுதல்: பிள்ளைகள் கேட்டதும் டீச்சர் சொன்னதும்

2025 மார்ச்சில் சீனாவின் நான்ஜிங் நகரில் உலக உள்ளரங்கத் தடகளப் போட்டி நடந்தது. அதில் பெண்கள் உயரம் தாண்டுதல் இறுதிச் சுற்றைப் பார்த்துவிட்டு, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள நம் சித்தூர் வட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்டவை இவை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள் நான்.

கொழிஞ்சாம்பாறை மாணவி: டீச்சர், ஆஸ்திரேலியாவோட ஒலிஸ்லேகர்ஸ், பேட்டர்சன் ரெண்டு பேருமே 1.97 மீட்டர்தான் தாண்டினாங்க. ஒலிஸ்லேகர்ஸுக்கு மட்டும் எப்படித் தங்கம்?

தவறிய முயற்சிகளை எண்ணித்தான், கண்ணு. இரண்டு பேர் ஒரே உயரத்தில் நின்றுவிட்டால், அந்தக் கடைசி உயரத்தை யார் குறைந்த முயற்சியில் தாண்டினார் என்று முதலில் பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால், ஆரம்பத்திலிருந்து அந்த உயரம் வரை யார் எத்தனை முறை தவறினார் என்று கூட்டுவார்கள். அப்படியும் முதலிடம் பிரியவில்லை என்றால் மறுபடி தாண்டவிடலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் கத்தாரின் பார்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் செய்ததுபோல, தங்கத்தைப் பகிர்ந்துகொள்ளவும் செய்யலாம்.

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகள் பலரும் 1.20, 1.25 வரும்போது "இது சும்மா" என்று அரைமனதாக ஓடிவருவார்கள். குதிகால் பட்டுக் கம்பு விழும். அடுத்த முறை தாண்டிவிட்டுச் சிரிப்பார்கள். தவறியதற்குப் போட்ட அந்த ஒரு பெருக்கல்குறி நடுவரின் தாளில் அப்படியே இருக்கும். 1.45-ல் இரண்டு பேர் சமமாக நிற்கும்போதுதான் அது பதக்கத்தைத் தூக்கிக்கொண்டு போகும். சின்ன உயரத்தைச் சுத்தமாகத் தாண்டுகிறவளைத்தான் நான் நல்ல ஆட்டக்காரி என்பேன்.

வண்ணாமடை மாணவன்: ஒருமுறை தவறிய பிறகு, அதே உயரத்தை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாமா டீச்சர்?

போகலாம். தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியே. அந்த மூன்றும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. 1.95-ல் ஒன்று போய்விட்டால், 1.97-ல் மிச்சம் இரண்டுதான். துணிச்சல் வேணும், கணக்கும் வேணும்.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு அம்மா: உக்ரைன் பொண்ணு நடுவுல தூங்கற பைக்குள்ள படுத்துக்குதே, எதுக்குங்க?

மஹுச்சிக்கைச் சொல்கிறீர்கள். ஒரு தாவலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நெடுநேரம் காத்திருக்க வேண்டி வரும். அதுவரை உடம்பு ஆறாமல் இருக்கணும், கால் வீணாகக் களைக்கவும் கூடாது; அதற்குத்தான். நான்ஜிங்கில் 1.95 தாண்டி அவர் வெண்கலம் வாங்கினார். அதைவிட 2022-ஐத்தான் நான் மறக்கமாட்டேன். போர் தொடங்கிய சமயம், காரிலேயே மூன்று நாள், 2,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, அந்த ஆண்டின் உலக உள்ளரங்கப் போட்டிக்காகப் பெல்கிரேடு போய்ச் சேர்ந்தார். அங்கே 2.02 தாண்டித் தங்கம். உட்கார்ந்தே வந்த காலை வைத்துக்கொண்டு அப்படித் தாண்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று ஓடிப் பழகியவர்களுக்குத் தெரியும். 2024-ல் பாரிஸில் 2.10 தாண்டி, 1987-லிருந்து இருந்த பல்கேரியாவின் கோஸ்தாதினோவாவின் 2.09 உலகச் சாதனையையும் அவரே முறியடித்தார்.

கோவிந்தாபுரம் அப்பா: என் மகள் குள்ளம். இது அவளுக்குச் சரிவருமா டீச்சர்?

உயரமான உடம்பு உதவும், மறுக்கவில்லை. ஆனாலும் ஸ்வீடனின் ஸ்டெபான் ஹோல்ம் 1.81 மீட்டர் உயரந்தான், உள்ளரங்கில் 2.40 தாண்டினார். கடைசி நாலைந்து அடி வளைந்து ஓடிவரும்போது உடம்பு உள்பக்கம் சாயணும், கம்புக்குத் தூரமான கால் தரையை அறையணும். அது நம்மால் பழக்க முடிந்த விஷயம். நம் கேரளத்தின் பாபி அலோசியஸ் 2004-ல் 1.91 தாண்டித் தேசியச் சாதனை படைத்தார், கர்நாடகத்தின் சஹானா குமாரி 2012-ல் அதை 1.92 ஆக்கினார். அவளைத் தாராளமாக அனுப்புங்க.

எருத்தேன்பதி மாணவி: எங்க ஸ்கூல்ல மணல் குழிதான் இருக்கு. முதுகு கீழே வர்ற மாதிரி தாண்டிப் பழகலாமா?

கூடவே கூடாது, அம்மிணி. அந்த முறையில் முதுகும் தோளும்தான் முதலில் விழும். மணலில் கழுத்து மாட்டிக்கொள்ளும். தடிமனான மெத்தை கிடைக்கும்வரை கத்தரிக்கோல் முறையில், அதாவது ஒவ்வொரு காலாகக் கம்புக்கு மேலே வீசித் தாண்டி, காலூன்றி இறங்கு. வளைவு ஓட்டத்தையும் காலால் தரையை அறைவதையும் அதிலேயே பழகிவிடலாம். மெத்தை இருக்கும் மைதானத்துக்கு வாரம் ஒரு நாளாவது கூட்டிப்போகச் சொல்லி உன் டீச்சரிடம் கேள். கேட்கத் தயங்காதே.