கோர்ஸை மாற்றும் முன் போல்டரைப் பாருங்கள்

அண்ணா, தோப்பு வேலையெல்லாம் முடித்து ராத்திரி நீங்கள் போன் செய்தபோது குரலிலேயே கவலை தெரிந்தது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகத் தினமும் கோவைக்குப் பஸ் ஏறி பி.சி.ஏ. படிக்கிறாள் உங்கள் பெண். வீட்டில் ஓடுகிற புரோகிராம் லேபில் ஓடுவதில்லை, இரண்டு பிராக்டிகலில் மார்க் போய்விட்டது. "இவளுக்குக் கம்ப்யூட்டர் வராது போல, பி.காமுக்கு மாற்றிவிடலாமா?" என்று கேட்டீர்கள்.

மாற்ற வேண்டாம். அவள் அனுப்பிய நாலு போட்டோவையும் நிதானமாகப் பார்த்தேன். நாலிலும் ஒரே பிழைதான்: பைல் கிடைக்கவில்லை. கணக்குப் போட்ட விதம் எல்லாம் சரியாக இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

புரோகிராமில் பைல் பெயரை மட்டும் எழுதினால், அவள் எழுதுகிற பைதான் மொழி அதைப் புரோகிராம் இருக்கிற இடத்தில் தேடாது. அந்த நேரத்தில் எந்த போல்டரில் நின்று ஓடுகிறதோ, அங்கேதான் தேடும். அந்த இடத்துக்குப் பெயர் வொர்க்கிங் டைரக்டரி. அவள் புரோகிராம் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் பைலை மட்டும் டபுள் கிளிக் செய்து திறக்கிறாள். அப்போது டெர்மினல், அதாவது கட்டளை அடிக்கிற ஜன்னல், வேறெங்கோ நிற்கும், பெரும்பாலும் யூசர் போல்டரில். இது தெரியாததால், சி டிரைவிலிருந்து தன் பெயர் வரைக்கும் முழுப் பாதையையும் புரோகிராமுக்குள் எழுதிவிட்டாள். வீட்டு லேப்டாப்பில் அந்தப் பாதை உண்டு. லேபில் அவள் பெயரில் போல்டர் ஏது?

செய்ய வேண்டியது சின்ன விஷயம். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு போல்டர் போட்டு, புரோகிராமையும் டேட்டா பைலையும் அதிலேயே வைக்கட்டும். எடிட்டரில் 'ஓப்பன் போல்டர்' கொடுத்து முழு போல்டரையும் திறக்கட்டும். ஓட்டுவதற்கு முன் டெர்மினலில் எந்தப் பாதை தெரிகிறது என்று ஒருமுறை வாசிக்கட்டும். லேபில் விம் என்ற இன்னொரு எடிட்டரைக் கொடுத்தால், கோலன் போட்டு 'பிடபிள்யூடி' என்று அடித்தால் நிற்கிற இடம் தெரியும், 'சிடி' போட்டு மாற்றிக்கொள்ளலாம். 'எல்சிடி' அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் மாற்றும். பைல் திறக்கும்போதெல்லாம் தானாகவே இடம் மாறுகிற 'ஆட்டோசிஹெச்டிஐஆர்' (autochdir) அமைப்பும் விம்மில் உண்டு. இப்போதைக்கு அது வேண்டாம், எங்கே நிற்கிறோம் என்பதை அவளே பார்த்துப் பழகட்டும்.

அப்புறம் இன்னொன்று. கேரள அரசுப் பள்ளியில், அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் கொடுக்கிற லினக்ஸில் படித்து வந்தவள் அவள். விண்டோஸ் போல அதுவும் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம். லினக்ஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் வேறு பைல். விண்டோஸில் பொதுவாக இரண்டும் ஒன்றுதான். பைல் பெயரை எப்போதும் சின்ன எழுத்திலேயே வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் பிரச்சினை வராது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலைக்குப் போனால் வேறு யாரோ எழுதிய, நூற்றுக்கணக்கான பைல் உள்ள புராஜெக்டைக் கையில் கொடுப்பார்கள். புரோகிராமில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட், பிறர் எழுதிய கோடை இறக்கிச் சேர்க்கிற என்பிஎம் போன்ற கருவிகளெல்லாம் நாம் நிற்கிற போல்டரை வைத்துத்தான் வேலை செய்யும். இந்தப் பழக்கத்தை யாரும் தனிப் பாடமாக நடத்துவதில்லை. அது அவள் குற்றம் இல்லை அண்ணா, தயவுசெய்து திட்டாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு அனுப்பி வையுங்கள். அந்த நாலு புரோகிராமையும் போல்டரோடு பென் டிரைவில் போட்டு, என் கம்ப்யூட்டரில் அவளையே ஓட்டச் சொல்கிறேன்.