பிள்ளைகளுக்கு அறிவியல் புத்தகம் எப்படித் தேர்ந்தெடுப்பது? கேட்டவர்களுக்குப் பதில்

ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குக் கிளம்பும் முன் என்ன வாங்கலாம் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பள்ளி நூலகத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெருந்துறை, ஏழு வயதுப் பையனின் அம்மா: டீச்சர், பொது அறிவுத் தகவல் புத்தகம் நிறைய வாங்கித் தந்தேனுங்க. எல்லாவற்றையும் ஒப்பிக்கிறான். இது போதுமுங்களா?

போதாதுங்க. தகவல் தெரிவது வேறு, யோசிப்பது வேறு. கடையில் புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து, ஒரு கேள்வி கேட்டுவிட்டு எத்தனை வரி கழித்துப் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்த வரியிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைக்கு அங்கே வேலையே இல்லை. "ஆரஞ்சுப் பழத்தைத் தண்ணீரில் போடு, மிதக்குமா மூழ்குமா, முதலில் ஊகித்து எழுது, அப்புறம் தோலை உரித்துவிட்டுப் போடு" என்று சொல்கிற புத்தகத்தை எடுங்கள். தோலோடு மிதந்த பழம் உரித்ததும் மூழ்கும்போது, ஏன் என்று அவனே கேட்பான். தோலுக்குள் இருக்கும் காற்றைப் பற்றி அதற்குப் பிறகு படித்தால் போதும்.

பவானி, நாலு வயதுப் பாப்பாவின் அப்பா: இப்போதே அறிவியல் புத்தகம் வேண்டுமா?

வேண்டாம், படக்கதை போதும். பக்கத்தைத் திருப்பும் முன் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும் கண்ணு?" என்று கேளுங்கள். பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, வாசிப்பு நிலை வாரியாக.

சென்னிமலை, தறி ஓட்டும் அண்ணன்: பொண்ணு தமிழ் வழியில் ஆறாவது படிக்கிறாள். நல்ல அறிவியல் புத்தகம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்கிறார்களே?

இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் அண்ணா. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் 'துளிர்' என்ற சிறுவர் இதழை நடத்துகிறது, முதலில் அதற்குச் சந்தா கட்டுங்கள். அப்புறம், அட்டைகளை வைத்து டிசைன் நெய்யும் உங்கள் ஊர் ஜக்கார்டு தறியையே அவளுக்குக் காட்டுங்கள். அட்டையில் ஓட்டை இருந்தால் அந்த நூல் மேலே தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் செய்த இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் இங்கிலாந்துக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கும் ஓட்டை போட்ட அட்டையை எடுத்துக்கொண்டார். கணினியைப் பற்றிப் புத்தகம் வாங்கினால் இந்தக் கதை இருக்கிறதா என்று பாருங்கள். கட்டத்தாளில் அவளே ஒரு பார்டர் போட்டு, எந்த வரியில் எந்த நூல் தூக்க வேண்டும் என்று எழுதட்டும். ஒரு வரி தப்பினால் எங்கே தப்பியது என்று தேடுவாள் பாருங்கள், அந்தத் தேடல்தான் நமக்கு வேண்டும்.

கொடுமுடி, ஒரு அப்பாரு: செய்முறைப் புத்தகம் வாங்கித் தந்தேன் அம்மிணி. அது வேண்டும் இது வேண்டும் என்று பேரன் தினமும் கடைக்கு ஓடுகிறான்.

வீட்டில் இருப்பதை வைத்தே செய்யச் சொல்லும் புத்தகமாக மாற்றிக்கொள்ளுங்கள் ஐயா. உங்கள் ஊரில் மஞ்சளுக்கா பஞ்சம்? மஞ்சளைக் குழைத்துத் தாளில் பூசிக் காயவைத்து, சோப்புத் தண்ணீர் தொட்டால் சிவக்கும்; அதில் எலுமிச்சை பிழிந்தால் திரும்ப மஞ்சளாகும். பல புத்தகங்கள் இதோடு முடித்துவிடும். நல்ல புத்தகம் "தயிர் தொட்டால்? சாம்பல் கரைத்த தண்ணீர் தொட்டால்?" என்று மேலே கேட்கும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லும். நெருப்பு, சுண்ணாம்பு வந்தால் மட்டும் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: புதிர்க் கணக்குப் புத்தகத்தில் பின்னால் இருக்கும் விடையைப் பார்த்துவிடுகிறான்.

விடைப் பக்கங்களைச் சேர்த்துக் கிளிப் போட்டுவிடுங்கள். ஒரு புதிரோடு ஒரு வாரம் கிடந்தாலும் தப்பில்லை, அவசரப்படுத்தாதீர்கள்.

திருப்பூரிலிருந்து: பழைய புத்தகத்தில் ஒன்பது கோள் என்று இருக்கிறது. எடைக்குப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள்! புதுப் புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் படிக்கக் கொடுங்கள். தன் பாதையிலிருந்து மற்ற பொருட்களை அப்புறப்படுத்தாததால் 2006-இல் சர்வதேச வானியல் ஒன்றியம், அதுவரை ஒன்பதாவது கோளாக இருந்த புளூட்டோவைக் குறுங்கோள் பட்டியலில் சேர்த்தது. "புளூட்டோ மாறவே இல்லையே, அப்புறம் ஏன் பட்டியல் மாறியது?" என்று கேளுங்கள். அவன் என்ன சொல்கிறான் என்று எனக்கும் எழுதுங்கள்.