வேலை செய்து கொடுத்தே கார் பயணத்தை ஓட்ட முடியுமா?

கேள்வி: நானும் நண்பரும் ஒரு பழைய காரில் ஆறு வாரம், ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர் சுற்றி வர நினைக்கிறோம். கையில் பணம் கொஞ்சம்தான். எனக்குத் தச்சு வேலை ஓரளவு தெரியும், அவர் நன்றாகப் படம் எடுப்பார். போகிற வழியில் வேலை செய்து கொடுத்தே பெட்ரோல், தங்குமிடம், சாப்பாடு மூன்றையும் சமாளித்துவிட முடியுமா? எப்படிக் கேட்பது, எவ்வளவு வேலைக்கு எதை எதிர்பார்க்கலாம்?

பதில்: தங்க இடம் கிடைக்கும், சாப்பாடும் பெரும்பாலும் கிடைக்கும். பெட்ரோல் கிடைக்காது. இதை முதலிலேயே மனதில் போட்டுக்கொண்டால் உங்கள் திட்டம் தேறும், இல்லையென்றால் இரண்டாவது வாரம் எங்கேயாவது டேங்க் காலியாகி நிற்பீர்கள்.

ஏன் என்று கொஞ்சம் அந்தப் பக்கத்திலிருந்து பாருங்கள். உங்களைத் தங்க வைப்பவரிடம் ஓர் அறை ஏற்கெனவே சும்மா கிடக்கிறது. நான்கு பேருக்குச் சமைக்கிற வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குச் சேர்த்துச் சமைப்பது பெரிய செலவில்லை. அதனால் அவரால் தாராளமாகத் தர முடிகிறது. பெட்ரோல் அப்படியில்லை, அது அவர் பையிலிருந்து எடுத்துத் தரவேண்டிய ரொக்கம். ரொக்கம் தருவதென்றால், பழக்கமான உள்ளூர் ஆளையே கூப்பிட்டுக்கொள்வார், வழிப்போக்கர் இருவரை எதற்கு நம்பவேண்டும்?

ஆக, கையில் இருக்கும் பணம் முழுவதையும் எரிபொருளுக்கு என்று ஒதுக்குங்கள், உழைப்பை மற்ற இரண்டுக்கும் செலவிடுங்கள். கணக்கு எளிது. உங்கள் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், 6,000 கிலோமீட்டருக்கு 400 லிட்டர். அந்தத் தொகையைப் போட்டுப் பார்த்து மூச்சு முட்டினால் வழித்தடத்தைப் பாதியாக வெட்டுங்கள், 3,000 கிலோமீட்டர், 200 லிட்டர். ஆறு வாரத்துக்கு அது குறைவே இல்லை என்பேன், அதிலும் வேலைக்குத் தங்கப்போகிற பயணத்தில். வேகத்தையும் பாருங்கள். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது, 110ல் போகிறவர் 90க்கு இறங்கினாலே அந்தத் தடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கூரை மேல் கேரியர் கட்டிச் சாமான் ஏற்றினால் அந்த மிச்சம் போய்விடும், எல்லாவற்றையும் டிக்கிக்குள் அடக்கப் பாருங்கள். தச்சுக் கருவிகளும் கனம்தான். ஒரு சுத்தி, இரண்டு உளி, சின்ன ரம்பம், அளவு நாடா, டிரில், ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட் போதும், பெரிய மெஷின் தேவைப்படுகிற வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எரிபொருளுக்கு நேராக ஈடாகக்கூடிய வேலை என்று பார்த்தால் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் தேறும், வண்டி ஓட்டுவது. வாடகை வண்டி நிறுவனங்களுக்கு ஒரு நகரத்தில் வண்டிகள் குவிந்துவிடும், இன்னொரு நகரத்தில் பற்றாக்குறையாக இருக்கும். இடம் மாற்றிக் கொண்டுபோய் விட ஆள் வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வட அமெரிக்கா போன்ற இடங்களில் இதைப் பெயரளவு தினக்கட்டணத்துக்கே தருகிறார்கள், உள்ளேயே படுத்துக்கொள்ளக்கூடிய கேம்பர் வேன்கூடக் கிடைக்கும், சில சமயம் ஒரு டேங்க் எரிபொருளும் சேர்த்து. ஆனால் நாள் கணக்கு கறார், வழியில் நின்று நிதானமாகப் பார்க்க விடமாட்டார்கள், ஓட்டுநருக்குக் குறைந்தபட்ச வயதும் வைத்திருப்பார்கள். சொந்தக் கார் இல்லாமலே ஒரு பகுதியை இப்படிக் கடக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு வழி, பின்சீட்டில் ஒருவரையோ இருவரையோ ஏற்றி எண்ணெய்ச் செலவைப் பங்கு போடுவது. பிரான்சில் 2006ல் தொடங்கிய பிளாபிளாகார் என்ற கார் பயணப் பகிர்வுத் தளம் வளர்ந்தது இந்த ஒரு யோசனையில்தான். உண்மையான செலவுக்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் அது வாடகை ஓட்டமாகிவிடும், உங்கள் தனிநபர் கார் காப்பீடு அதை ஏற்காது.

சரி, தங்குமிடத்துக்கு வருவோம். வேலைக்குப் பதில் இடம் என்பதை உலக அளவில் ஒழுங்கு செய்தது 1971ல் இங்கிலாந்தில் தொடங்கிய வூஃப் என்ற அமைப்பு, இயற்கை விவசாயப் பண்ணைகளுக்கானது. பிறகு ஹெல்ப்எக்ஸ், வொர்க்அவே போன்ற இணையதளங்கள் வந்தன, அவற்றில் விடுதி, வீடு, படகு என்று எல்லாம் உண்டு. பண்ணைகளில் நாளுக்கு 4 முதல் 6 மணி நேரம் வேலை, பதிலுக்கு உணவும் படுக்கையும் என்பதுதான் வழக்கம். வொர்க்அவேயில் வாரத்துக்கு 25 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்ற அளவு இருக்கிறது. இந்த எண்கள் உங்களுக்குப் பேரம் பேசும்போது கைப்பிடி மாதிரி.

கார் பயணக்காரர்கள் தடுமாறுகிற இடம் வேறு. இடம் கொடுப்பவருக்கு ஆள் இரண்டு வாரமாவது இருக்கவேண்டும், ஏனென்றால் வேலையைச் சொல்லிக் கொடுக்கவே இரண்டு நாள் போய்விடும். பயணிக்கோ இரண்டு இரவு போதும், அடுத்த ஊர் கூப்பிடுகிறது. இந்த இழுபறியைத் தீர்க்க, ஆறு வாரத்தை மூன்று நீண்ட தங்கல்களாக, ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு நாள், பிரித்து, நடுவில் உள்ள நாட்களை மட்டும் ஓட்டத்துக்கு வையுங்கள். உங்கள் தச்சு வேலை இந்த நீண்ட தங்கல்களுக்கு. நடுவில் வரும் ஓரிரு இரவுகளுக்கு உங்கள் நண்பரின் கேமராதான் கை கொடுக்கும். சிறிய விடுதிகள், முகாம் இடங்கள் பலவற்றில் அறைப் படங்கள் படுமோசமாக இருக்கும், மஞ்சள் விளக்கில் கோணலாக எடுத்தவை. காலை வெளிச்சத்தில், திரைச்சீலையை விலக்கி, விளக்கை அணைத்து, படுக்கை விரிப்பை இழுத்துச் சரி செய்து இருபது படம் எடுத்துக் கொடுத்தால் அவருக்கு ஆண்டு முழுக்கப் பயன்படும், உங்களுக்கு அரை நாள் வேலை, இரண்டு இரவுத் தங்கல். கிளம்புவதற்கு முன்பே கோப்புகளைக் கையில் கொடுத்துவிடவேண்டும். பிறகு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற ஆட்களால்தான் அடுத்து வருபவருக்குக் கதவு திறப்பதில்லை.

ஒரு நாள் தங்கலுக்குத் தச்சு வேலையும் ஆகும், வேலை சின்னதாக இருந்தால். நான் பலமுறை செய்தது கதவு. கதவு தரையில் உரசுகிறது என்றதும் எல்லோரும் அடியைச் செதுக்கத்தான் நினைப்பார்கள், ஆனால் பல சமயம் மேல் கீலின் ஸ்க்ரூ தளர்ந்து கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், மேல் கீல் நிலைச்சட்டத்திலிருந்து விலகி அசைந்தால் அதுதான் காரணம். ஸ்க்ரூவைக் கழற்றி, அகன்றுபோன துளைக்குள் மரப்பசை தடவிய நாலைந்து தீக்குச்சிகளை, மருந்து முனையை ஒடித்துவிட்டு, இறுக்கித் திணித்து, பசை காய்ந்ததும் நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு மறுபடி முடுக்கினால் கதவு நேராக நிற்கும். கை வேலை அரை மணி நேரம், பசை காயத்தான் சில மணி நேரம். ஒரு வீட்டில் இப்படி மூன்று கதவு சரி செய்து கொடுத்ததற்கு இரண்டு நாள் தங்கச் சொன்னார்கள், அத்தனை காலம் அந்தக் கதவுகளைத் தூக்கித் தூக்கியே மூடியிருக்கிறார்கள்.

எத்தனை மணி நேரம் நியாயம் என்பதற்கு நான் போடும் கணக்கு இது. அந்த ஊரில் கிடைக்கிற மிக மலிவான படுக்கைக்கும், நீங்களே வாங்கிச் சமைத்தால் ஆகும் ஒரு நாள் சாப்பாட்டுக்கும் என்ன செலவாகும் என்று பாருங்கள். அதை அந்த ஊரின் சாதாரண மணிக்கூலியால் வகுங்கள். வருகிற எண்தான் ஒருவருடைய ஒரு நாள் வேலை நேரம். படுக்கை மட்டும் என்றால் அநேகமாக இரண்டு மூன்று மணி நேரத்தில் நிற்கும், சாப்பாடும் சேர்ந்தால் நான்கு ஐந்து. கார் நிறுத்த இடமும் தண்ணீரும் மட்டும் தருகிறார் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கைத்தொழில் தெரிந்தவர் சாதாரண மணிக்கூலிக்கு ஒத்துக்கொள்ள வேண்டியதுமில்லை.

மணி நேரம் பேசினால் மட்டும் போதாது, வேலை எங்கே முடிகிறது என்பதையும் பேசவேண்டும், இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பண்ணை வீட்டில் மரவேலியைச் சரி செய்து கொடுத்தால் ஒரு வாரம் தங்கலாம் என்று பேச்சு. பார்த்தேன், ஏழெட்டுப் பலகைதான் உடைந்திருந்தது, மூன்று நாள் வேலை. முதல் பலகையைக் கழற்றிவிட்டுத் தூணின் அடியில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினேன், வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. மண்ணுக்குள் பாதித் தூண்கள் மக்கிப் போயிருந்தன. மூன்று நாள் எட்டு நாளானது, காலையிலிருந்து இருட்டும் வரை. அவர் பொய் சொல்லவில்லை, வேலி என்றுதான் சொன்னார். நானும் குத்திப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டிருக்கலாம். அதற்கப்புறம் நான் அனுப்பும் செய்தியில் இரண்டும் இருக்கும், வேலையின் எல்லையும் நேரத்தின் உச்சவரம்பும். இப்படி எழுதுங்கள்:

"நாங்கள் இரண்டு பேர், காரில் வருகிறோம், இந்தத் தேதியிலிருந்து பத்து நாள் தங்க முடியும். எனக்குத் தச்சு வேலை தெரியும், செய்த வேலைகளின் படங்கள் இணைத்திருக்கிறேன். உங்கள் பின்கட்டு அலமாரியையும் இரண்டு ஜன்னல்களையும் சரி செய்து தருகிறேன், மரம், பெயின்ட், ஸ்க்ரூ உங்கள் செலவு, கருவிகள் என்னுடையவை. நண்பர் அறைகளைப் படம் எடுத்துத் தருவார். இருவரும் நாளுக்கு நான்கு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். எங்களுக்குப் பூட்டக்கூடிய ஓர் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் வேண்டும். வேலை கூடினால் அன்றே பேசிக்கொள்ளலாம்."

இதைப் படித்துவிட்டு ஒருவர் பின்வாங்கினால் நல்லதுதான், பத்து நாள் வீணாகாமல் தப்பித்தீர்கள். ஒப்புக்கொண்டால் ஒரு முறை வீடியோவில் பேசி, படுக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள், முன்பு அங்கே வேலை செய்த ஒருவரிடமாவது விசாரியுங்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே போகவே வேண்டாம்.

நாட்டு எல்லை தாண்டுகிற பயணமென்றால் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். சம்பளமே வாங்கவில்லையே, சுற்றுலா விசா போதும் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. நியூசிலாந்தில் உணவும் இடமும் கிடைத்தாலே அது ஆதாயத்துக்கான வேலை, அதற்கு வேலை செய்ய அனுமதிக்கும் விசா வேண்டும். பிரிட்டனில் பார்வையாளராக வருபவர் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு மட்டும், மொத்தம் 30 நாட்களுக்கு மேல் போகாமல் தன்னார்வ வேலை செய்யலாம், யாரோ ஒருவரின் விடுதியில் அறைக்குப் பதில் வேலை செய்வது அதில் அடங்காது. ஆஸ்திரேலியாவில் இரண்டாம் ஆண்டு விடுமுறை-வேலை விசாவுக்கு இந்த மாதிரிப் பண்ணை உழைப்பு முன்பு கணக்கில் சேர்ந்தது, 2015 டிசம்பர் முதல் செய்த சம்பளமில்லா வேலை சேராது. எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டால் அந்தப் பதிவு அடுத்த விசா விண்ணப்பத்திலும் கூடவே வரும், ஆகவே கிளம்பும் முன் அந்தந்த நாட்டின் குடியேற்றத் துறை விதியை நேராகப் படித்துவிடுங்கள், இடம் கொடுப்பவர் "ஒன்றும் ஆகாது" என்பதை நம்பிப் போகாதீர்கள். சொந்த நாட்டுக்குள்ளேயே சுற்றினால் விசாத் தலைவலி இல்லை, ஆனால் வரி இருக்கலாம். அமெரிக்காவில் பண்டமாற்றாகப் பெற்றதன் சந்தை மதிப்பும் வருமானம்தான், அதைக் கணக்கில் காட்டவேண்டும்.

காப்பீட்டையும் பிரித்துப் பாருங்கள். பயணக் காப்பீடுகள் பலவற்றில் உடலுழைப்பு வேலையில் ஏற்படும் காயத்துக்குப் பணம் இல்லை, இருந்தாலும் ஏணி, கூரை, மின்ரம்பம் பெரும்பாலும் விலக்கு. கூரையில் ஏறச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள், கடுப்பாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. அதேபோல உங்கள் காரில் அவர்களுடைய சரக்கை ஏற்றி இறக்கச் சொல்வார்கள், பக்கத்தில்தானே என்பார்கள். அது வணிகப் பயன்பாடாகக் கருதப்படலாம், வழியில் மோதினால் முழுச்செலவும் உங்கள் தலையில் விழலாம்.

எல்லாம் பேசியும் சில இடம் சரிப்படாது. சாப்பாடு சுருங்கும், மணி நேரம் நீளும். மூன்றாம் நாள் ஒரு முறை சொல்லிப் பாருங்கள், நான்காம் நாளும் அப்படியே என்றால் கிளம்பிவிடுங்கள். அப்படிக் கிளம்ப முடிய வேண்டுமென்றால் எந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாலும் வேலையைத் தொடங்கும் முன் டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்பி வையுங்கள், ஒரு இரவு அறை வாடகையை நண்பரிடம் தனியாகக் கொடுத்து வையுங்கள். வீடு திரும்புவதற்கான எண்ணெய்ப் பணத்தைப் பயணம் தொடங்கும் அன்றே வேறொரு கணக்கில் போட்டுவிட்டு, அந்தக் கார்டைப் பர்ஸில் வைக்காமல் பையின் அடியில் வைத்துவிடுங்கள்.